ஆஷ்லி உயரத்துக்கு ஒரு மரம்

வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் வரிசையில் நிற்பதை நான் அந்தப் பண்ணையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பேத்தமங்கலம் ரோட்டில் இருக்கிறது அது. போர்டில் ஏதோ நீளமான இங்கிலீஷ் பேர் எழுதியிருக்கும். எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை, வாத்துப் பண்ணை என்பதோடு சரி. டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர் கார்கள் வந்து ரோட்டை அடைத்துக்கொள்ளும். வாத்து, வான்கோழி, ஜாடியில் ஜாம், இஞ்சி ஒயின், பிளம் கேக், பையில் வளர்த்த கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பஞ்சு தாடி ஒட்டிக்கொண்ட ஒரு ஆள் உச்சி வெயிலில் வேர்க்க விறுவிறுக்கப் பிள்ளைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு குளத்தைச் சுற்றி வருவார். இதையெல்லாம் பார்க்கக் காசு கொடுத்து வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதைச் சொன்னால் என் பிழைப்புக்கு ஆகாது, ஏனென்றால் நான் வாடகைக்கு ஆம்னி வண்டி ஓட்டுகிறவன்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவன் இன்பராஜ். ஊரிகத்தில், தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகள் எங்களுடையவை. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவன் அப்பா சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர். ஷாஃப்டில் ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும்தான் அவர் வேலை. மகன் தினமும் காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய் அடுக்குமாடிகளில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறான். "அப்பனும் புள்ளயும் ஊரையே ஏத்தி எறக்கினீங்க, நீங்க மட்டும் ஒரு லெவல் மேல போவலியேடா" என்று நான் கிண்டல் செய்தால் சிரிப்பான். கோபம் என்ற சாமானை அவனுக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

அவன் மனைவி ஷோபாவும் எங்கள் லைன் பெண்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் வேலை கிடைத்து, மகளை அழைத்துக்கொண்டு போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்குப் பெங்களூர் வேண்டும், இவனுக்கு ஊரிகம் வேண்டும். சண்டை அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானில் ஒரு குடும்பம் போய்விட்டது. மகள் ஆஷ்லிக்குப் பத்து வயது. வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள், அவள் அப்பாவிடம் வந்து தங்குவாள் என்று பேச்சு.

அன்று காலை ஷோபா அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கினாள். ஆஷ்லி என் வீட்டுக்குள் ஓடியதும் ஷோபா குரலைத் தணித்துக்கொண்டாள். நான் வண்டி துடைத்துக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது.

"இன்பா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அடுத்த வருஷத்துலருந்து அவள நான் கட்டாயப்படுத்த மாட்டேன். அவளுக்கு இஷ்டம்னா வரட்டும், இல்லன்னா உட்ரு. அவளுக்கும் ஃபிரெண்ட்ஸ் கீறாங்க, கிளாஸ் கீது."

இன்பராஜ் சரி என்றான். வேறு என்ன சொல்வான். கார் போன பிறகும் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்து, "மச்சான், ரெண்டு நாள்ல அவளுக்கு இங்க திரும்பி வரணும்னு ஆசை வரணும். இன்னா பண்ணலாம்?" என்று கேட்டான். நான் ஏதோ படித்துப் பட்டம் வாங்கியவன் மாதிரி என் முகத்தையே பார்த்தான். எனக்குப் பாவமாக இருந்தது.

அவன் தன்னால் ஆனதைச் செய்துதான் வைத்திருந்தான். என் மனைவி பாக்யலட்சுமியிடம் மாவு பிசையக் கற்றுக்கொண்டு, புதுச் சீப்பு ஒன்று வாங்கி, வரி விழும்படி ஒவ்வொன்றாக அதன் மேல் உருட்டி, எண்ணெயில் பொரித்து, ஒரு டின் நிறையக் கல்கல் என்கிற கிறிஸ்துமஸ் பலகாரம் செய்திருந்தான். எங்கள் லைனில் யார் வீட்டுப் பண்டிகையானாலும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் எல்லா வீட்டுப் பெண்களும் உட்கார்வார்கள். முதன்முதலாக ஒரு ஆண்பிள்ளை வந்து உட்கார்ந்தது அந்த வருஷம்தான். கேக் மாவை ஆண்டர்சன்பேட்டை பேக்கரி அடுப்பில் கொடுத்து, தகரத்தில் பேர்ச் சீட்டு ஒட்டிவிட்டும் வந்திருந்தான். ஆனால் ஆஷ்லி வந்ததும் கேட்டது வாத்துப் பண்ணையை. அவள் கிளாஸ் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டு வந்து படம் போட்டிருந்தார்களாம்.

"அப்பா, நம்ம வீட்டுப் பக்கத்துலயே இருக்கு, நான் மட்டும் பார்க்கல. எனக்கும் பேக்கு."

வேண்டும் என்பதைக் கன்னடத்தில் பேக்கு என்று சொல்லப் பெங்களூரில் பழகியிருந்தாள். இன்பராஜ் என்னைப் பார்த்தான். நான் சாவியை எடுத்தேன்.

பண்ணையில் அவள் முன்னால் ஓட, இவன் பின்னால் நடக்க, இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் நாலைந்து பெங்களூர்க்காரர்கள் இருந்தார்கள். சோப்பு நுரையை மேலே ஊதிப் பனி என்றார்கள். ஆஷ்லி கையை விரித்து நின்றாள். இவன் போனை எடுப்பதற்குள் நுரை நின்றுவிட்டது. இன்னொரு தடவை ஊதச் சொல்லிக் கேட்கப் போனவன், கேட்காமலே திரும்பி வந்தான்.

உள்ளே கடையில் கண்ணாடி ஜாடியில் ரிப்பன் கட்டிக் கல்கல் வைத்திருந்தார்கள். கோல்டு ஃபீல்ட்ஸ் ஸ்பெஷல் என்று அட்டை. எங்கள் பண்டத்தை எங்களுக்கே விற்கிறார்கள். ருசி பார்க்க ஒரு பெண் தட்டில் கொஞ்சம் நீட்டினாள். ஆஷ்லி ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"அப்பா, செம்ம கிரிஸ்பி. இதை வாங்கலாமா?"

வீட்டில் டின் இருக்கிறது என்று சொல்லடா என்று எனக்கு நாக்கு வரை வந்தது. அவன் ஒரு ஜாடியை எடுத்துக் கூடையில் வைத்தான். அந்த டின்னை அவன் அந்த இரண்டு நாளும் திறக்கவே இல்லை. பிறகு நான்தான் தின்றேன். கொஞ்சம் கடினமாக இருந்தது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

மரங்கள் இருந்த பக்கம் வந்த பிறகுதான் அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கறுப்புப் பைகளில் வரிசையாக மரங்கள். அடுக்கடுக்காகக் கை விரித்து நிற்கும், கிளையெல்லாம் ஊசி ஊசியாக இருக்கும். ஆஷ்லி ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் முதுகைத் திருப்பி நின்றாள். ஒன்று அவள் தலைக்குச் சரியாக வந்தது. தலையில் இருந்த மஞ்சள் ஹேர்பேண்டைக் கழற்றி அதன் உச்சியில் மாட்டினாள்.

"இது என் ஹைட். அடுத்த கிறிஸ்துமஸுக்கு யாரு ஜாஸ்தி வளர்ந்திருக்கோம்னு பார்க்கலாம். அதுவா நானான்னு."

அடுத்த கிறிஸ்துமஸ் என்ற சொல் அவள் வாயிலிருந்து, யாரும் கேட்காமலே வந்துவிட்டது. இன்பராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் கை, வலித்தது. மரம் வளர்க்கும் விதத்தை அங்கிருந்த பெண் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னாள். அவன் மகளைப் பார்த்துக்கொண்டே ஓகே, ஓகே என்று தலையாட்டினான். நானும் ஆட்டினேன். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தைகூட ஏறவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் லைன்களில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளை. அதை வெட்டி வந்து ஒரு டின்னில் நட்டு, சயனைட் மேட்டு மண்ணைப் போட்டு இறுக்குவோம். சுரங்கத்தில் தங்கம் எடுத்த பிறகு அரைத்த கல்லைக் கொட்டி மலை மலையாக எழுந்த மேடுகள் அவை. மண் மாவு மாதிரி வெளுப்பாக இருக்கும், தண்ணீர் தெளித்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பார்க்கவும் பனி கொட்டியது போல இருக்கும். குடில் வைக்கிறவர்களும் அதைத்தான் பரப்புவார்கள். பத்து நாள் நிற்கப் போகிற கிளைக்கு எந்த மண்ணாக இருந்தால் என்ன.

மரத்தை வீட்டு வாசலில் இறக்கியதும் இன்பராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பை வெள்ளை மண் கொண்டுவந்தான். காலி பெயிண்ட் டிரம் ஒன்றைக் கழுவித் துடைத்தான். பையைக் கிழித்து, வேரில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணை, அழுக்கு என்று நினைத்து, உதறிவிட்டு, மரத்தை டிரம்மில் நிறுத்தி வெள்ளை மண்ணால் நிரப்பினான். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். பாக்யலட்சுமி தண்ணீர் ஊற்றினாள். லைனில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஸ்னோ மாதிரியே இருக்குப்பா" என்றாள் ஆஷ்லி. பண்ணையில் தவறிப்போன படத்தை இன்பராஜ் இப்போது எடுத்துவிட்டான்.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்ட அவளும் ஸ்டூலில் ஏறினாள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் டிசம்பரில் எங்கள் லைனில் நட்சத்திரம் தொங்காத வீடு கிடையாது. கட்டும்போது அவள் விரல் பட்டு நட்சத்திரத்தின் ஒரு மூலை கிழிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்லி அப்படியே தொங்கவிட்டோம்.

மறுநாள் ஷோபாவின் கார் வந்தது. ஏறும்போது ஆஷ்லி, "சண்டே சண்டே மரத்தோட போட்டோ அனுப்புங்கப்பா, மறக்காம" என்றாள். அவள் போன பிறகு இன்பராஜ் பைத்தியம் பிடித்தவன் போல அந்த மரத்தைப் படம் எடுத்தான். முன்னால் நின்று, பக்கத்தில் நின்று, என் வீட்டுப் படியில் ஏறி, தரையில் படுத்து, வெயிலில், நிழலில். "கல்யாணப் பொண்ணக்கூட இவ்ளோ எடுக்க மாட்டாங்கடா" என்றேன். எதற்கு எடுக்கிறான் என்று அவனுக்கும் தெரியாது. சந்தோஷத்தில் எடுத்தான்.

பொங்கல் கழிந்ததும் கிளை நுனிகள் பழுப்பாக ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினான். ஊற்ற ஊற்ற மண் சிமெண்ட் மாதிரி இறுகியது. ஒருநாள் பாக்யலட்சுமி டிரம்மின் முன்னால் நின்றவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, நம்ம புத்தி இன்னா மேயப் போச்சா? அந்த மேட்டுல ஒரு புல்லு மொளைச்சு யாருனா பார்த்துகீறமா? அதுல போய் உசிரு மரத்த நட்டு வெச்சுகீறமே."

இன்பராஜ் அவளைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்த மேடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காற்றடித்தால் அந்த மண்ணைத் தின்று வளர்ந்தவர்கள். அதில் எதுவும் வளராது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கிறிஸ்துமஸ் மரம் என்றதும் கை தானாக அந்த மண்ணுக்குத்தான் போயிற்று. நட்ட மரம் வளரும் என்ற வழக்கமே எங்களுக்கு இல்லை.

அன்றைக்கே டிரம்மை உடைத்து மரத்தை எடுத்தோம். வேரைத் தண்ணீரில் அலசினான், பிள்ளைக்குக் கால் கழுவுகிற மாதிரி. ஏரிக்கரையிலிருந்து செம்மண்ணும் சாணி எருவும் கொண்டுவந்து நிலத்திலேயே நட்டோம். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ரிட்டயர் ஆன ஏசுபாதம் அண்ணன் பழைய பீர் ஊற்றச் சொன்னார், ஊற்றினான். மோர் ஊற்றச் சொன்னார்கள், அதையும் ஊற்றினான். காலையில் ரயிலுக்கு ஓடும் முன்னால் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, ஒவ்வொரு கிளையாகத் தொட்டுப் பார்ப்பான். தொட்டால் ஊசிகள் கையோடு வரும். அதனால் தொடுவதையும் விட்டுவிட்டான். மாசி முடிவதற்குள் மரம் முழுக்கச் செத்துவிட்டது. உச்சியில் மஞ்சள் ஹேர்பேண்டு மட்டும் புதுசாகவே இருந்தது.

அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம் என்று வாத்துப் பண்ணைக்குப் போனோம். மரம் இருந்த இடம் காலி. மாம்பழம் பறிக்க வாருங்கள் என்று புது போர்டு வைத்திருந்தார்கள். மரமெல்லாம் இனிமேல் சீசனுக்குத்தான் என்றார்கள். பெங்களூரில் நர்சரியில் கிடைக்குமே, அங்கேதானே தினமும் போகிறாய் என்று நான் சொன்னதற்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவ அளந்தது இதத்தான் மச்சான். வேற ஒண்ண வெச்சு இதான்னு சொன்னா அது பொய்யி."

"அப்போ சண்டேக்கு சண்டே இன்னாத்த அனுப்பிகினு கீற?"

அவன் போனைக் காட்டினான். கிறிஸ்துமஸ் அன்று எடுத்து வைத்த படங்களை வாரத்துக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தான். "இது பொய் இல்ல. அந்த மரம்தான இது" என்றான். எனக்கு அவனை ஒரு அறை அறையலாம் போலவும் இருந்தது, தோளில் கை போடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

ஞாயிறு காலையிலேயே மகள் போட்டோ எங்கே என்று கேட்பாள், அனுப்பியதும் பதில் போடுவாள். கை தட்டுகிற பொம்மை ஒன்று, இல்லாவிட்டால் சூப்பர் என்று ஒரு சொல். சில நாள் வீடியோவில் பேசுவாள். அப்படிப் பேசும்போது ஒரு தடவைகூட மரத்தைக் காட்டச் சொன்னதில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சித்திரையில் ஒருநாள் அவள் கேட்டாள், "அப்பா, மனோ அங்கிள் இன்னும் ஸ்டாரை எடுக்கலயா? போட்டோல மூலையில தெரியுதே."

இன்பராஜுக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. "அவன் சோம்பேறி கண்ணு, அப்படியே உட்டுட்டான்" என்று சமாளித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். அடுத்த தடவை வீடியோவில் என் வாசல் தெரிந்தால் மானம் போய்விடும். எங்கள் பழைய நட்சத்திரம் தை மாதமே குப்பைக்குப் போயிற்று. ஆண்டர்சன்பேட்டையில் சகாயம் கடைக்குப் போய், பரணிலிருந்து மிச்சம் மீதியைத் தேடி இறக்கச் சொல்லி, அதே சிவப்பில் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். அந்தப் பக்கம் வந்த மங்கம்மா அக்கா நின்று அண்ணாந்து பார்த்தது.

"இன்னா மனோகரு, ஏசு இந்த வருசம் சீக்கிரம் பொறக்கப் போறாரா?"

லைனே சிரித்தது. பாக்யலட்சுமி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு ஆஷ்லி வீடியோவில் வந்தபோது நானே போனை வாங்கி, ஏதோ யதேச்சையாக என்பது போல வாசலைக் காட்டினேன். அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கு அங்கிள்" என்றாள். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

இப்படியே மழைக்காலமும் போய், மறுபடி டிசம்பர் வந்துவிட்டது. பண்ணைக்கு மரம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் இன்பராஜ் வேலைக்கு லீவு போட்டான். வண்டியின் பின்னால் செம்மண் மூட்டையும் எருவும் முந்தின நாளே ஏற்றிவிட்டான். செத்த மரத்தின் உச்சியிலிருந்து ஹேர்பேண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இப்போ மட்டும் பொய் இல்லியா?" என்று கேட்டேன்.

"பொய்தான். இன்னா பண்றது, நீயே சொல்லு. அவ வந்து பார்க்கும்போது வாசல்ல ஒண்ணும் இல்லன்னா?"

ஷோபாவிடம் ஏதோ சாக்கு வைத்து மகளின் உயரத்தைக் கேட்டிருக்கிறான். தன் தோளைத் தாண்டிவிட்டாள் என்று ஷோபா சொன்னாளாம். ஷோபாவின் தோள் தன் நெஞ்சில் எந்த இடத்துக்கு வரும் என்று அவனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அந்த இடத்தில் கையை வைத்து எனக்குக் காட்டினான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவன் போன் அடித்தது. ஆஷ்லி. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். அவன் முகம் பல்லெல்லாம் தெரிய மலர்ந்திருந்தது.

"அப்பா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்க கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு ஃபேமிலி கோவா போறாங்க. எங்களையும் கூப்பிட்டாங்க. மம்மி, உன் இஷ்டம்னு சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் போறேன்னு சொல்லிட்டேன்ப்பா."

இன்பராஜின் பல் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. மூட மறந்துவிட்டான். "போய்ட்டு வா கண்ணு," என்றான். "கோவா நல்லா இருக்கும். மரம் எங்க போவப் போவுது. அடுத்த வருஷம் வந்து அளந்துக்கலாம்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள் ஆஷ்லி. "மரம் இல்லன்னு எனக்குத் தெரியும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"போட்டோல இருக்கற ஸ்டார் நான் கிழிச்சதுப்பா. எல்லா போட்டோலயும் ஒரு மூலை கிழிஞ்சே இருக்கு. மனோ அங்கிள் வீடியோல காட்டினதுல கிழியவே இல்ல. அங்கிள் கிட்ட சொல்லுங்க, பாவம், ஸ்டாரை எடுத்துடட்டும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நானும் சேர்ந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்து ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் நட்சத்திரத்தை ஆட்டிக் காட்டியிருக்கிறேன். அவளோ அத்தனை மாதமும் எங்கள் இரண்டு தடியர்களையும் பார்த்து நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்போ இன்னாத்துக்கு கண்ணு வாரா வாரம் கேட்ட?" இன்பராஜின் குரல் அவன் குரல் மாதிரியே இல்லை.

"கேட்கலன்னா நீங்க அனுப்ப மாட்டீங்களே."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். ஒரு பெங்களூர்க் குடும்பம் மரத்தைக் காரின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தது. அப்பா கயிற்றை இழுக்க, பிள்ளைகள் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாரி கண்ணு," என்றான். "மண்ண மாத்திட்டேன். தெரியாம பண்ணிட்டேன்."

"பரவால்லப்பா. நீங்க அழாதீங்க. சண்டே போட்டோ மட்டும் அனுப்புங்க."

"எல்லாம் அனுப்பிட்டேன்டா. தீந்துபோச்சு."

"முதல்ல இருந்து அனுப்புங்க."

பின்னால் ஷோபா கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஆஷ்லி பை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பிவிடலாமா என்று கேட்டேன். அவன் கதவைத் திறந்து இறங்கிப் பண்ணைக்குள் போனான். எனக்குப் பயமாக இருந்ததால் நானும் பின்னால் போனேன். நேராக மர வரிசைக்குப் போய் நின்றான். போன வருஷம் இங்கிலீஷில் சொன்ன அதே பெண் வந்து, இந்தத் தடவை தமிழிலேயே, "எவ்வளவு ஹைட்டு வேணும் சார்?" என்று கேட்டாள்.

இன்பராஜ் கையை எடுத்து நெஞ்சுக்குப் பக்கத்தில், வண்டியில் எனக்குக் காட்டிய அதே இடத்தில், வைத்துக் காட்டினான். "இவ்ளோ" என்றான். அந்தப் பெண் போய் ஒவ்வொரு மரமாகப் பார்க்க ஆரம்பித்தாள். அவன் கை இறங்கவே இல்லை. அங்கே ஒரு தலை இருப்பது போல அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். நான் வாத்துகளைப் பார்த்தேன்.

அவள் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தபோது, "இன்னிக்கி வேணாம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வண்டியில் ஏறியதும் போனை எடுத்துப் படங்களைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒன்றில் நிறுத்தினான். வெள்ளை மண்ணில் பச்சை மரம், உச்சியில் மஞ்சள் பேண்டு, மூலையில் என் வீட்டுக் கிழிந்த நட்சத்திரம். அதை மகளுக்கு அனுப்பினான். அன்று சனிக்கிழமை. நாளைக்கு அனுப்பலாமே என்று நான் சொல்லவில்லை.